பனியனில் நிற்காத மெல்லிய கோடு

டிராயிங் பரீட்சைகளில் தேறிவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்காகக் காத்திருந்தபோது, அண்ணன் தன் அச்சகத்தில் எனக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார். அறுபதுகளின் நடுவில், திருப்பூரில் தெருவுக்குத் தெரு பனியன் கம்பெனி முளைத்துக்கொண்டிருந்த காலம். பெட்டியில் ஒட்டும் லேபிளுக்கு மயில், தாமரை, கம்பெனிப் பெயர் எல்லாம் நான் வரைவேன். அதைக் கோயம்புத்தூரில் உலோகத் தகட்டில் பிளாக் எடுத்து வந்து அண்ணன் அச்சடிப்பார்.

எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒரு பாய். பம்பாய் போய் வந்த கையோடு, ஒரு சென்ட் பாட்டிலின் அட்டைப்பெட்டியை என் மேஜையில் வைத்தார்.

"இந்த எழுத்தைப் பாரும்மா, எத்தனை லட்சணமா இருக்குது. நம்ம பேரும் தமிழ்ல இப்படி வரோணும்."

இங்கிலீஷ் எழுத்துதான். ஆனால் எங்கள் அச்சகத்தில் இருந்த எதைப் போலவும் இல்லை. புத்தக எழுத்துக்கு இருக்கிற மாதிரி நுனியில் குச்சமோ கொக்கியோ கிடையாது. வெட்டி நிறுத்தினாற்போல் முடிந்தது. அதே சமயம் கடைப் பலகை எழுத்துப் போல ஒரே தடிமனும் இல்லை. நிற்கிற கோடு தடிமன், படுக்கிற கோடு மயிரிழை.

தமிழில் அது லேசாக வரவில்லை. அவருடைய கம்பெனிப் பெயரில் 'ப'வும் 'ட'வும் உண்டு. இரண்டுக்கும் அடியில் நீளமான படுக்கைக் கோடு. அதை மெல்லிசாக்கினால் எழுத்து நூல்மேல் நிற்பதுபோல் ஆடியது. நிற்கும் கோட்டை அடியில் கொஞ்சம் அகட்டிப் பார்த்தேன், காலூன்றிக்கொண்டது. 'ம'வின் வளைவில் தடிமன் எங்கே தொடங்கி எங்கே கரைவது என்று தீர்மானிக்க மட்டும் ஏகப்பட்ட தாள் வீணானது. கடைசியில் வந்ததைப் பார்த்து, "இது நம்மூர்ல போட்டதுன்னா யாரு நம்புவாங்க" என்றார் அண்ணன். பெட்டிகள் அச்சாகிப் போய்ச் சேர்ந்தன.

அதே எழுத்தைச் சின்னதாக்கி, பனியன் கழுத்துக்கு உள்பக்கம் குத்த ரப்பர் அச்சும் செய்து கொடுத்திருந்தோம். மறுவாரம் பாய் ஒரு பனியனோடு வந்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீயே படிம்மா."

படிக்க முடியவில்லை. படுக்கைக் கோடுகளைக் காணோம். 'ப' இருந்த இடத்தில் இரண்டு கம்பம், 'ட'வுக்கு ஒரு கம்பம்.

"பொட்டி மேல பூத்திருக்குது, துணி மேல உதிர்ந்துபோச்சு. சந்தைக்குச் சரக்குப் போகோணும். பொட்டில ஒரு மாதிரி, பனியன்ல ஒரு மாதிரி எழுத்துன்னா போலிச் சரக்குன்னு திருப்பி அனுப்பிருவாங்க."

"ரெண்டு நாள் கொடுங்க பாய்" என்றார் அண்ணன். என்னை நம்பித்தான் அப்படிச் சொன்னார். எனக்கோ என்ன செய்வதென்றே தெரியவில்லை.

எல்லாக் கோட்டையும் ஒரே தடிமனாக்கிப் பார்த்தேன். சிமெண்ட் மூட்டை எழுத்தாகிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு ஊட்டுக்குப் போனபோது, கொடியில் அண்ணனின் பனியன் உள்பக்கம் வெளியே தெரியக் காய்ந்துகொண்டிருந்தது. எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் பின்னல் நெட்டுக்குத்தாக ஓடுகிறது. உள்பக்கம் படுக்கையாக, உழவுசால் மாதிரி வரிவரியாக. என் மெல்லிய கோடு நேராகப் போய் இரண்டு வரிக்கு நடுவே பள்ளத்தில் விழுந்திருக்கிறது. மை தொடவே இல்லை.

"சோறு ஆறுது, பனியன்ல என்ன கண்ணு தேடறே?" என்றார் அண்ணி. நான் நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அச்சகத்துக்கு ஓடினேன்.

படுக்கைக் கோட்டை ஒன்றரை மடங்கு தடிப்பாக்கினேன். அதைவிட முக்கியமாக, நேராக இழுக்காமல் நடுவில் லேசாகத் தொய்ய விட்டேன். இனி அது எந்தப் பள்ளத்திலும் முழுசாக விழ முடியாது. எங்காவது ஒரு வரியைக் கடந்தே ஆகவேண்டும்.

புது ரப்பர் அச்சு வந்ததும் நாங்கள் இருவரும் பாயின் கம்பெனிக்கே போனோம். இஸ்திரி போட்டு அடுக்கியிருந்ததில் ஒன்றை எடுத்துக் கழுத்தைத் திருப்பி அவரே குத்தினார். அச்சைத் தூக்கியபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பெயரை எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார். மை காய்ந்ததும் சலவைச் சோடா போட்ட வெந்நீரில் முக்கிக் கசக்கி, உதறி, மறுபடி படித்தார். பெட்டியைப் பக்கத்தில் வைத்து மாறிமாறிப் பார்த்தார்.

"அக்கா தங்கச்சியாட்ட இருக்குது. ஒண்ணேதான்னு சொல்ல முடியாது, ஒரே ஊட்டுப் புள்ளைங்கன்னு யாரும் சொல்லிருவாங்க."

அண்ணன் அங்கிருந்த துணிப் பொதிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரும் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாய் வரவழைத்த டீயையும் வர்க்கியையும் மூவரும் சாப்பிட்டோம். என் தோளெல்லாம் இளகிப்போய், சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது.

அந்த வருஷமே பாயின் மகளுக்கு நிக்காஹ். பத்திரிகைக்கு அந்த எழுத்துதான் வேண்டும் என்று அந்தப் பெண்ணே கேட்டிருந்தாள். வழவழப்பான அட்டை, வரியும் இல்லை, பள்ளமும் இல்லை. பேனா முனை எவ்வளவு மெல்லிசாகப் போகுமோ அவ்வளவு மெல்லிசாக, பயமில்லாமல் இழுத்தேன்.