கோபியிலிருந்து வராத காப்பி

போன வாரம் கூடுவாஞ்சேரியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் புதிதாகத் திறந்த ஒரு காப்பிக் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஏ.சி. குளிரில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொப்பி போட்ட ஒரு பெண் வந்து, "ஸ்ட்ராங்கா, மீடியமா மேடம்?" என்று கேட்டாள். "எந்த ஸ்ட்ராங்?" என்றேன். அவள் திருதிருவென்று விழித்தாள். மகள் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

கிண்டலுக்குக் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குத் தெரிந்தே நாலு அர்த்தம் உண்டு. நாலையும் வீட்டில் தனித்தனியாக வறுத்துக் கொடுத்தவள் நான். ஆமாம், பெருமைதான் அடித்துக்கொள்கிறேன். எனக்காக வேறு யார் அடித்துக்கொள்ளப் போகிறார்கள்?

தொண்ணூறுகளின் நடுவில் கல்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். வீடு புதுப்பட்டினத்தில், ஊரைத் தாண்டி, தென்னந்தோப்பையும் தாண்டி இருக்கும் எங்கள் தெருவில். அம்மா அடுத்தவர் நிலத்தில் களையெடுத்தவள். நைனா மாமல்லபுரம் கடற்கரையில் வேர்க்கடலை வறுத்து விற்றவர். அந்தத் தெருவிலிருந்து ஆபீஸ் வேலைக்குப் போன முதல் பெண் நான். எங்கள் வீட்டில் காப்பி என்றால் காய்ச்சல் வந்தால் போடும் வெல்லக் கடுங்காப்பி. ஃபில்டர் என்ற சாமானை முதன்முதலில் ஆபீசில் பார்த்தபோது, யாரோ டிபன் கேரியரின் இரண்டு அடுக்கை மட்டும் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

எனக்குப் பக்கத்து மேசை ஈஸ்வரமூர்த்தி சார். கோபிசெட்டிபாளையத்துக்காரர். ஒரு லீவில் ஏற்காடு போனவர், மலிவாகக் கிடைக்கிறதே என்று ஐந்து கிலோ காப்பிக் கொட்டை வாங்கி வந்துவிட்டார். ஆபீசில் பையைப் பிரித்தால் எல்லாம் பச்சை. வறுக்காத கொட்டை.

"இதென்னுங்க, மொச்சைக்கொட்டையாட்ட இருக்குது?" என்று தலையைச் சொறிந்தார்.

"சுண்டல் பண்ணுங்க சார்" என்று எல்லோரும் சிரித்தார்கள். என் வாய் சும்மா இருக்குமா? "குடுங்க சார், நான் வறுத்துத் தரேன்" என்றேன். வறுப்பது எங்கள் வீட்டுத் தொழில்; கடலை என்ன, காப்பி என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலையில் நைனாவின் இரும்பு வாணலியை அடுப்பில் ஏற்றினேன். அவர் கடலைக்கு வைத்திருந்த மணலையே கொட்டி, சூடேற்றி, அதில் ஒரு கிலோ காப்பிக் கொட்டையைப் போட்டேன். கடலையை நாங்கள் அப்படித்தான் வறுப்போம், சூடு சமமாகப் பரவும். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, எலிப் புழுக்க மாதிரி கீது?" என்றாள். நிறம் என்னவோ அழகாகத்தான் வந்தது. சல்லடையில் சலித்து, பொட்டலம் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கடலைக்கு ஓடு உண்டு. காப்பிக் கொட்டைக்கோ வயிற்றில் நீளமாக ஒரு பிளவு உண்டு. அந்தப் பிளவில் மணல் போய் உட்காரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அது போதாதென்று, பல வருடம் உப்புக்கடலை வறுத்த மணல் அது.

மறுநாள் ஈஸ்வரமூர்த்தி சார் வந்து மெதுவாகச் சொன்னார். "அம்மிணி, காப்பி வாசமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பல்லு நறநறங்குது. உப்பு வேற கரிக்குது. மாமல்லபுரத்துல அலையில விழுந்து எந்திரிச்சாப்புல இருக்குது."

ஆபீசே சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மிச்சம் இருந்த நாலு கிலோவையும் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிப் போனேன். நாலு ஞாயிற்றுக்கிழமை, மணல் இல்லாமல். முதல் வாரம் வெளியே கருகி உள்ளே பச்சையாக நின்றது. இரண்டாம் வாரம் எல்லாமே கரி. கடலைக்கு மூக்கு போதும், காப்பிக்குக் காதும் வேண்டும் என்று மூன்றாம் வாரம்தான் பிடிபட்டது. கொட்டை சடசடவென்று வெடிக்கும், அடங்கும், கொஞ்ச நேரம் கழித்து மெலிதாக மறுபடி வெடிக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே இறக்கி முறத்தில் கொட்டுகிறோம் என்பதில்தான் ருசியே இருக்கிறது. நாலாவது வாரத்துப் பொட்டலம் ஈஸ்வரமூர்த்தி சாருக்குப் பிடித்துப்போனது. ஏற்காட்டிலிருந்து இன்னொரு மூட்டை வரவழைத்து என் மேசைமேல் வைத்தார்.

அவர் குடியிருந்த கல்பாக்கம் குவார்ட்டர்சில் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க, அவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். குவார்ட்டர்ஸ் என்றால் தமிழ்நாட்டின் எல்லா ஊரும் அங்கே இருக்கும். எல்லோரும் சொல்லி வைத்தாற்போல "ஸ்ட்ராங்கா வேணும்" என்பார்கள். மதுரைக்கார வாத்தியாருக்கு ஸ்ட்ராங் என்றால் கறுப்பு நிறம். சிக்கரி கலந்தால் போதும், மனிதர் குளிர்ந்துவிடுவார். திருநெல்வேலி நர்சம்மாவுக்கு வாசனை அடுத்த ரூமுக்குப் போகவேண்டும், அதற்கு இளவறுப்பு. ஈஸ்வரமூர்த்தி சாருக்கு டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்கவேண்டும். எவ்வளவு பால் ஊற்றுவார்கள், குடித்து முடித்ததும் நாக்கில் என்ன நிற்கவேண்டும் என்று அவரிடம் கேள்வி கொடுத்தனுப்பி, பதிலை வைத்துக்கொண்டு வறுத்தேன். பதினொரு வீடு சேர்ந்தது.

ஒரு வீட்டுக்கும் என் பெயர் தெரியாது. "எங்கிருந்து வருதுன்னு கேட்டாங்க அம்மிணி. எங்க கோபியில இருந்து வருதுன்னு சொல்லிப்போட்டேன். தப்பா நெனச்சுக்காத" என்றார் ஈஸ்வரமூர்த்தி சார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் தெருவுக்கு வேலையாக வந்தால்கூட ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்காத ஊர் எங்கள் ஊர். பாவம், நல்ல மனுஷர், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வலித்தது. யாராவது ஒரே ஒருவர் என் முகத்தைப் பார்த்து, நீ வறுத்தது நன்றாக இருக்கிறது என்று சொல்லவேண்டும் என்று ஆசை. வேறொன்றும் வேண்டாம்.

எங்கள் செக்‌ஷன் தலைவி மாயவரத்துக்காரர், அந்த மணல் காப்பிக் கூத்துக்கு அப்புறம் மாற்றலாகி வந்தவர். எல்லோருக்கும் அவர் 'மேடம்'தான். நாலாவது ஸ்ட்ராங் அவருடையது: குடித்துக் கால்மணி நேரமானாலும் தொண்டையில் அந்தக் கசப்பு நிற்கவேண்டும். பத்தரைக்குப் பிளாஸ்கைத் திறப்பார். "காப்பின்னா இது காப்பி. கோபிக்காரங்க கையே தனி" என்பார். அதைக் கேட்டுக்கொண்டே நான் டைப் அடித்த கடிதத்தில் அன்றைக்கெல்லாம் ஒரே பிழை. சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புவார்.

ஒரு ஐப்பசி அடைமழையில், மேடம் டம்ளரை வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்தார். "என்ன மூர்த்தி, இந்தத் தடவை உள்ள சரியா வறுபடலையே?"

"கோபியில மழைங்க மேடம்..." என்று அவர் இழுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. புகழ்ச்சியைக் கோபிக்குக் கொடுத்தாயிற்று. என் தப்பையுமா கொடுப்பது? "இல்ல மேடம், கொட்டை ஈரம் குடிச்சிருந்தது. நான்தான் முன்னாடியே எறக்கிட்டேன்" என்றேன்.

"நீயா? எங்க வெச்சு?" என்றார் மேடம்.

"எங்க வூட்லதான் மேடம்." ஆபீசில் 'வீடு' என்று பார்த்துப் பார்த்துப் பேசுகிறவள் நான். அன்றைக்கு வூடு என்றே வந்துவிட்டது.

மேடம் டம்ளரைக் கீழே வைத்தார். பாதிக் காப்பி அப்படியே இருந்தது. மறுபடி எடுக்கவில்லை.

அடுத்த வாரம் ஐந்து வீடு நின்றுபோனது. ஐந்து வீட்டுக்கும் டாக்டர் ஒரே வாரத்தில் காப்பியைக் குறைக்கச் சொல்லிவிட்டாராம்! நர்சம்மா மட்டும் நேராக என்னிடம் வந்து, "அப்ப இனி உங்கிட்டயே வாங்கிக்கிடுதேன், மூர்த்தி சார் நடுவுல எதுக்கு?" என்றார். அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. யாருமே ஹெல்மெட் போடாத காலத்தில் ஹெல்மெட்டோடு ஒருவர். மேடத்தின் வீட்டுக்காரர்! அதைக் கழற்றாமலே, "அரைக் கிலோம்மா. அவளுக்கு எப்பவும் போற வறுவல். கடையில வாங்கினேன்னு சொல்லிக்கறேன்" என்றார். அதற்கப்புறம் மாதம் இரண்டு தடவை. அம்மா தூரத்திலேயே கண்டுகொண்டு, "அடுப்பப் பத்த வைடி, ஹெல்மெட்டுக்காரு வந்துகினு கீறாரு" என்பாள்.

கோபம் இல்லாமலா? ஆனாலும் அந்த அரைக் கிலோவைத்தான் ரொம்பக் கவனமாக வறுத்தேன். அவருக்கு அந்தக் கசப்பு நிற்கவேண்டுமே, இரண்டாவது வெடிப்பும் கேட்டபின் இன்னும் ஒரு மூச்சு பொறுத்து இறக்குவேன். பத்தரைக்கு மேடம் பிளாஸ்கைத் திறந்தால் நாலு மேசை தள்ளி இருக்கும் எனக்கு என் வறுவல் மணக்கும். அவர் குடிப்பார், நான் டைப் அடிப்பேன். ஐந்து வருடம் இப்படியே போனது.

மேடம் ரிட்டையரானார். குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்கு இரண்டு நாள் முன்பு, தெருமுனையில் ஆட்டோவை நிறுத்திவிட்டு எங்கள் வீட்டுக்குத் தனியாக நடந்து வந்தார். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியை இரண்டு தடவை துடைத்துப் போட்டாள். நான் காப்பி கலந்து கொடுத்தேன். அவர் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"ஹெல்மெட் போட்டுண்டு வந்தாரே, அது எனக்குத் தெரியும்" என்றார் பிறகு.

"எப்பலேர்ந்து மேடம்?"

"மொதல் பொட்டலத்திலேர்ந்து. நாக்குக்குத் தெரியாதாம்மா?"

"தெரிஞ்சும் ஏன் மேடம் ஒரு வார்த்தை சொல்லல?"

காலி டம்ளரை என் கையில் கொடுத்தார். "சொன்னா வாங்க முடியாதேம்மா" என்றார்.

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அதைவிட வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷமும் வந்தது. இரண்டு கிலோ கேட்டார், கொடுத்தேன். அதுவரை எந்தப் பொட்டலத்தின் மேலும் நான் எதுவும் எழுதியதில்லை. அன்றைக்கு மார்க்கர் பேனாவை எடுத்து என் பெயரையும் எங்கள் தெருவின் பெயரையும் பெரிசு பெரிசாக எழுதிக் கொடுத்தேன். மேடம் படித்தார். கையில் பை இருந்தும் அதற்குள் போடவில்லை. எழுத்து வெளியே தெரிய அணைத்துப் பிடித்துக்கொண்டு தெரு நெடுக நடந்து போனார். வாசலில் நின்று ஆட்டோ கிளம்பும்வரை பார்த்தேன்.

அப்புறம் ஒவ்வொருவராக ரிட்டையராகிப் போனார்கள். நர்சம்மா திருநெல்வேலிக்கு, ஈஸ்வரமூர்த்தி சார் நிஜமாகவே கோபிக்கு. மிச்சப்பேர் கடைப்பொடிக்கு மாறினார்கள். நைனாவின் வாணலி ஓட்டை விழுந்து பழைய இரும்புக்குப் போனது. எங்கள் தெருவில் இப்போது மாடி வீடுகள், ஒரு வீட்டிலும் காப்பி வறுக்கும் புகை கிடையாது. அதெல்லாம் போகட்டும். மேடம் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று போன வருடம் ஹெல்மெட்டுக்காரர் போன் செய்தார். மற்றவர்களுக்கெல்லாம் நான் வறுத்தேன் என்று யாராவது சொல்லித்தான் தெரியும். யாரும் சொல்லாமல், ஒரு வாய் குடித்ததுமே இது என் கை என்று தெரிந்துகொண்ட நாக்கு அது ஒன்றுதான் இருந்தது.