சுண்ணாம்பு அடித்த மலை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ல, ள, ழ மூன்றும் எனக்கு இன்னும் கலந்துதான் வரும். பிழை கண்டால் திருத்தி வாசியுங்கள்.

நான் வேலை செய்யும் இடத்தில் மலைகள் இடம் மாறும். நேற்று ஆற்றுக்கு இடப்பக்கம் நின்ற மலை இன்று காலை வலப்பக்கம் நிற்கும். நாளைக்கு ஆறே இருக்காது. இது டென்மார்க்கில், கணினியில் கார்ட்டூன் படம் செய்கிற ஒரு சின்னக் கம்பனி. நான் அங்கே குசினியில் நிற்கிறேன். கோப்பி போடுவது, மேசை துடைப்பது, மத்தியானச் சாப்பாட்டுக்கு ரொட்டி வெட்டுவது என் வேலை. இந்த நாட்டில் மலை என்று ஒன்று கிடையாது. யன்னலால் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தட்டையான வயல். அந்த யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருபது வயதுப் பிள்ளைகள் பனி மூடிய மலைத்தொடர்களைச் செய்துகொண்டிருப்பார்கள். கோப்பிக் கோப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் கொஞ்சம் கூடுதலாகவே நிற்பேன். பள்ளத்தாக்கில் முகில் இறங்கும். முகிலுக்குக் கீழே ஆயிரம் வீடுள்ள பட்டினம் தெரியும். ஒரு வீட்டிலும் ஆள் இல்லை.

நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. அங்கே சேர்ந்து நெடுங்காலம் வணக்கத்துக்கு 'ஹை', நன்றிக்கு 'தாக்' என்ற இரண்டு சொல்லோடுதான் நாளை ஓட்டினேன். ஒருநாள் கிர்ஸ்டன் என் தொலைபேசியை எட்டிப் பார்த்தார். மலை, பாறை எல்லாவற்றுக்கும் பொறுப்பான பெண் அவர். திருகோணமலையிலிருந்து அண்ணர் ஒரு படம் அனுப்பியிருந்தார். துறைமுகத்தின் உட்கரையில், எங்கள் வீட்டு வளவுக்குக் கீழே கிடக்கிற மாட்டுப்பாறையில் அவர் நிற்கிற படம். படுத்த மாடு போல இருப்பதால் அந்தப் பெயர். கிர்ஸ்டன் படத்தை விரலால் பெரிதாக்கிக்கொண்டு, "எத்தனை வயது இருக்கும்?" என்று கேட்டார். "அறுபத்திரண்டு" என்றேன். அவர் சிரித்தபோதுதான் கேட்டது கல்லின் வயதை என்று விளங்கியது.

கல்லின் மேல் பச்சையும் கறுப்பும் சாம்பலுமாகப் பாசி, இடுக்குகளில் சிப்பி ஓடு. இப்படி ஒரு கல்லைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றார். இலங்கைக் காடுகளைப் படம் பிடிக்க அவர்கள் எப்படியும் போக இருந்தார்கள். திருகோணமலையையும் சேர்த்துவிட்டு, மொழிபெயர்க்க என்னையும் வரச் சொன்னார். வாய் திறக்காதவனை மொழிபெயர்ப்பாளனாக்கிய கம்பனி உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

எனக்கு உள்ளுக்குள் வேறு ஒரு யோசனை. அம்மா இறந்தபோது என் விசா அலுவல் முடியவில்லை. போக ஏலாமல் போய்விட்டது. எல்லாவற்றையும் அண்ணர் தனியே நின்று செய்தார். அதற்குப் பிறகு படம் அனுப்புவார், நத்தார்ப் பெருநாளுக்கு வாழ்த்து அனுப்புவார், கதைக்க மாட்டார். இந்தக் கல்லைச் சாட்டி அவரோடு கதைக்கலாம் என்று நினைத்தேன். தொலைபேசி எடுத்து, "அண்ணை, வெளிநாட்டுக்காரர் எங்கட மாட்டுப்பாறையப் படம் எடுக்க வருகினம். நானும் வாறன்" என்றேன். "வா. நான் எல்லாம் ஒழுங்குபடுத்தி வைக்கிறன்" என்றார். அந்த ஒழுங்கு என்னவென்று நான் கேட்கவில்லை.

நாங்கள் போய் இறங்கிய அன்று நல்ல வெயில். கடைத்தெருவில் மான்கள் கடதாசி தின்றுகொண்டு நிற்க, கிர்ஸ்டன் வான் வண்டியை நிறுத்தச் சொல்லி வாய் பிளந்து பார்த்தார். கடற்கரைக்கு இறங்கினோம். அண்ணர் மடிப்புக் கலையாத சேட்டு அணிந்து நின்றார். அவர் மனைவி, என் மச்சாள், செவ்விளநீர் சீவி வைத்திருந்தார். மணலில் விளக்குமாறு இழுத்த கோடுகள்கூடத் தெரிந்தன. அவர்களுக்குப் பின்னால் மாட்டுப்பாறை வெள்ளை வெளேரென்று மினுங்கியது.

பாசியைச் சுரண்டி எடுத்துவிட்டு அண்ணர் சுண்ணாம்பு அடித்திருந்தார்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் நத்தாருக்கும் கோயில் திருநாளுக்கும் வெள்ளை அடிப்போம். விருந்தாளி வரும்போது சுவர் அழுக்காக இருந்தால் வீட்டுக்காரனுக்கு வெட்கம். கல்லைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்றால் வேறு என்ன செய்வது?

"ஊர் உலகமெல்லாம் பார்க்கப் போற கல்லு. ஊத்தையோட விட ஏலுமே?" என்றார் அண்ணர். "ரெண்டு நாள் வேலை, தம்பி. இடுப்பு விட்டுப் போச்சு."

கிர்ஸ்டனோடு வந்த பையன் கமராப் பையைத் திறக்காமலே கீழே வைத்தான். "இதற்கு என்ன நடந்தது?" என்று கிர்ஸ்டன் என்னிடம் மெல்லக் கேட்டார்.

"என்ன சொல்லுறா அந்தப் பிள்ளை?" என்றார் அண்ணர்.

"வெயில் கூடவாம் அண்ணை" என்றேன்.

"வெயில் எண்டாத்தானே படம் வடிவா வரும்?"

"இவைக்கு முகில் வேணுமாம்."

"அப்ப ஏன் எங்கட ஊருக்கு வந்தவை? அங்க முகில் முடிஞ்சு போச்சாமே?" என்று மச்சாள் கேட்க, அண்ணர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ வருடம்.

முகில் கதை முழுப் பொய் இல்லை. ஒரு கல்லைச் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கில் படம் எடுத்தால், கணினி அவற்றைத் தைத்து முழுக் கல்லாக்கும். வெயிலில் எடுத்தால் நிழலும் கல்லோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். நிழல் இல்லாத கல்தான் வேண்டும். சூரியனை அவர்கள் பிறகு தாங்களே வைப்பார்கள்.

பின்னேரம் முகில் மூடியது. கிர்ஸ்டன் பாறையின் கடல் பக்கம் போய்ப் பார்த்தார். அங்கே அலை அடிப்பதால் அண்ணரால் வெள்ளை அடிக்க முடியவில்லை. பாசியும் சிப்பியும் அப்படியே இருந்தன. கிர்ஸ்டன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அதைப் படம் எடுக்க இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். கரைக்கு ஏறியபோது, என் உடைந்த டேனிஷில், எங்கள் ஊரில் விருந்தாளிக்கு வெள்ளை அடிப்போம், இவர் உங்களை விருந்தாளியாக நினைத்தார் என்று சொன்னேன். அவர் அண்ணரைப் பார்த்தார். பிறகு அந்த வெள்ளைப் பக்கத்தையும் மேலும் கீழுமாக, ஒரு இடம் விடாமல் படம் எடுக்கத் தொடங்கினார்.

அண்ணர் சட்டையை இழுத்துவிட்டுப் பாறைக்கு முன்னால் வந்து நின்றார். ஆள் நிற்கக் கூடாது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

"கல்லு மட்டும்தானோ? அப்ப நான்?"

கிர்ஸ்டனுக்கு அதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் அவர் நிறம் சரிபார்க்கிற சின்னப் பலகையை எடுத்து அண்ணரின் கையில் கொடுத்தார். இருட்டும்வரை அண்ணர் அதைத் திருவிழாவில் கொடி பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்து சில மாதங்களுக்குப் பிறகு ஒரு காலை கிர்ஸ்டன் என்னைக் கூப்பிட்டார். திரையில் முதலில் மங்கலாக ஒரு நிழல்தான். படம் மெல்ல உருவாகிற இந்த வேலையை ரெண்டர் என்பார்கள். குளிரூட்டிய அறைக்குள் இருக்கிற இயந்திரங்கள் ஒவ்வொரு ஒளிக்கீற்றும் எங்கே பட்டு எங்கே தெறிக்கும் என்று கணக்குப் பார்க்க, சதுரம் சதுரமாகப் படம் தெளியும். மேல் மூலையில் வானம் வந்தது. அதற்குக் கீழே மாட்டின் முதுகு. சின்ன வயதில் நாங்கள் ஏறிக் குதித்த கல், முகிலைக் கிழித்துக்கொண்டு நின்றது. சிப்பி ஓடுகள் கோட்டைகளாகவும் பாசி பெருங்காடாகவும் மாறியிருந்தன. சிகரத்திலிருந்து பாதி மலைக்குப் பனி வழிந்திருந்தது. அது அண்ணரின் சுண்ணாம்பு.

அண்ணர் இடதுகைக்காரர். சுண்ணாம்பு தோய்த்த தும்புக்கட்டை இழுத்த தடமெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்து, இந்த நாட்டில் காற்று இந்தப் பக்கத்திலிருந்துதான் அடிக்கிறது என்று கிர்ஸ்டன் முடிவு செய்தாராம். அதற்காக அந்த உலகத்து மரங்கள், கொடிகள், புகை, முகில் எல்லாவற்றையும் மற்றப் பிள்ளைகள் திருப்பிச் சாய்த்திருந்தார்கள். ஒரு மனிதனின் கைப்பழக்கத்துக்கு ஒரு உலகம் முழுவதும் சாய்ந்து நின்றது. நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

அனுமதி கேட்டு, அண்ணருக்குத் தொலைபேசியில் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

"வடிவாத்தான் கிடக்கு. அந்தக் கீழ்ப்பக்கம் அலையால எனக்கு வெள்ளை அடிக்க ஏலாமப் போச்சு. அதையும் விடாமக் காட்டிப்போட்டாங்கள்."

"அண்ணை, அண்டைக்கு நான் வெயில் எண்டு..."

"தெரியும். அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பார்க்கவே எனக்கு விளங்கினது, பிழையான வேலை செய்துபோட்டன் எண்டு. நீ எனக்காக முழிச்சுக்கொண்டு நிண்டாய். சரி, நிக்கட்டும் எண்டு நானும் வெயிலைப் பேசிக்கொண்டு நிண்டனான்." கொஞ்சம் நிறுத்தினார். "அம்மான்ர கல்லறைக்கும் வெள்ளை அடிக்க வேணும். மழை விட்டாப் பிறகு வா. ரெண்டு பேருமா அடிப்பம்."

"ஓம்" என்றேன்.

தொலைபேசியை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். திரையில் காற்று அண்ணரின் கைப்பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. யன்னலுக்கு வெளியே இந்த நாட்டின் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து வயலைச் சாய்த்தது. இரண்டுக்கும் நடுவில் நான் நிமிர்ந்து நின்றேன்.

இதை எழுதி முடித்தது: கார்த்திகை 17, ஞாயிற்றுக்கிழமை.