தொப்பியைப் பின்னியது நான்

இன்றைக்கும் அந்தத் தொப்பிப் பேச்சை எடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதைப் பின்னியது நான். கைக்குழந்தையாக இருந்த என் தம்பிக்காக, அரைப்பரீட்சை விடுமுறை முழுவதும் தெருவில் விளையாடப் போகாமல் உட்கார்ந்து பின்னினேன்.

சொல்லிக்கொடுத்தது அத்தை, நைனாவின் தங்கை. விழுப்புரத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்; செஞ்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவாள். செல்போனில் வீடியோ பார்த்துப் பின்னல் பழகியவள்தான், ஆனால் எனக்குச் சொல்லித்தர வந்ததும் ராட்சசியாகிவிட்டாள். ஒரு கண்ணி நழுவினாலும் முழு வரியையும் பிரிக்கவைப்பாள். தொப்பி விளிம்பில் நீலமணி வேண்டும் என்று நான் பாதியில் ஆசைப்பட்டபோது, பின்னியது அத்தனையையும் உருவிப் போட்டாள்.

"மணிய மொதல்லியே நூல்ல கோத்து வெச்சிக்கினுதான் பின்ன ஆரம்பிக்கணும். நடுவுல ஏறாது. அப்புறமா தெச்சா கொழந்த பிச்சி வாயில போட்டுக்கும்" என்றாள்.

அழுதுகொண்டே மறுபடி தொடங்கினேன். உச்சியில் கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே வந்து, மிஞ்சியவற்றுக்குள் நூலை விட்டு இறுக்கி முடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுவாரம் அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். கல்யாணமானால் படிப்பை நிறுத்திவிட வேண்டும் என்பது அவர்கள் கண்டிஷன். நைனா சரியென்று சொல்லிவிட்டார். அத்தையை யாரும் கேட்கவில்லை. வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தம்பியின் தலைமேல் கண் போனது. யார் பின்னியது என்று கேட்டார்.

"எங்க நாத்தனாருதாங்க" என்றாள் என் அம்மா, கொஞ்சமும் கூசாமல். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நான்தான் பின்னுனேன்" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். மாப்பிள்ளையின் அம்மா, கணவர் பட்டாளத்தில் இருந்த காலத்தில் வடக்கே குளிரில் ஸ்வெட்டராகப் பின்னித் தள்ளியவராம். சிரித்துக்கொண்டே அத்தையிடம் திரும்பினார்.

"இந்த மணிய எப்படிம்மா வெச்ச?"

"முழுசா பின்னி முடிச்சிட்டு, அப்புறமா ஊசில தெச்சிட்டேங்க" என்றாள் அத்தை நிதானமாக.

என்னை அழவைத்துச் சொல்லிக்கொடுத்தவள் அதற்குள் மறந்துவிட்டாளா? அந்தம்மா தொப்பியைக் கழற்றி உட்புறம் திருப்பிப் பார்த்தார். தைத்த தடமே இல்லை. நூலிலேயே மணி ஓடியிருந்தது.

"புள்ள சொல்றதுதான் நெசம். தொப்பிக்கே பொய் சொல்றவங்க இன்னும் எதுக்கெல்லாம் சொல்வீங்களோ" என்று எழுந்துகொண்டார். கேசரியைக்கூடத் தொடாமல் போய்விட்டார்கள்.

நைனா என்னை அடித்தார். வாய்க்கொழுப்பு என்று அம்மா கரித்துக்கொட்டினாள். பொய் சொன்னது அவர்கள், அடி வாங்கியது நான். இது எந்த ஊர் நியாயம்? எனக்காக அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை.

அதைவிடப் பொறுக்க முடியாதது மறுநாள் நடந்தது. காலையில் யூனிபாரம் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பியவள், வீங்கிய முகத்தோடு மூலையில் கிடந்த என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு மாறி மாறி முத்தம் கொடுத்தாள். சம்பந்தம் முறிந்து வீடே இழவு வீடு மாதிரி இருக்கும்போது இவளுக்கு மட்டும் என்ன சிரிப்பு என்று ஆத்திரத்தில் அவளைப் பிடித்துத் தள்ளினேன்.