பாஷா பாய் போட்ட மண்

கனகம்மாசத்திரம் போகும் சாலையில் நேற்று பொக்லைன் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தது. ஈர மண் வாசனை வந்தால் எல்லோருக்கும் மழை ஞாபகம் வருமாம். எனக்கு ரத்தம்தான் ஞாபகம் வரும்; என் புத்தி அப்படி.

நைனாவும் (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பாஷா பாயும் திருத்தணியில் கூட்டாக வெல்டிங் பட்டறை வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் பாய் தொழுகைக்குப் போவார், ஞாயிறு நைனா சர்ச்சுக்குப் போவார். மிச்ச நேரமெல்லாம் தகராறு. ஆதாமை மண்ணில் பிசைந்தது வரை இருவருக்கும் ஒரே பேச்சு. ஏழாம் நாளில்தான் முட்டிக்கொள்ளும்.

"ஆறு நாள்ல பண்ணான், ஆங், ஒத்துக்கறேன். அப்பால களைச்சுப்போய் குந்திக்கினான்ற பாரு, அது ஆவாது" என்பார் பாய்.

"அவன் குந்தலன்னா நமக்கேதுடா லீவு?" என்பார் நைனா.

நைனா செத்தபோது அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் குழி வெட்டினோம். எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கும் பாய் ஆட்களின் கபர்ஸ்தானுக்கும் நடுவில் இருந்தது வெறும் முள்வேலி. அதையும் அந்த வருட மழை அடித்துப்போயிருந்தது. குழி ஒரு முழம் தங்கள் பக்கம் வந்துவிட்டதென்று அங்கிருந்து ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். எங்கள் ஆட்கள் மட்டும் இளைத்தவர்களா? கல் பறந்தது. என் சித்தப்பாவுக்குக் கை முறிந்தது. பெட்டி சுமந்தவர்கள் நைனாவை நடுவழியில் போட்டுவிட்டு அடிக்கப் போனார்கள். வெட்டிய குழிக்குள்ளேயே ஒருவனைத் தள்ளி மிதித்தார்கள். தடுக்கக் குறுக்கே விழுந்த பாஷா பாயின் மண்டையில் மண்வெட்டி இறங்கியது. யார் வீசியது என்று கேட்டால் இன்றுவரை இரண்டு பக்கமும் அடுத்த பக்கத்தைத்தான் கைகாட்டுகிறது.

பாய் எழுந்தார். ரத்தம் தாடியில் சொட்ட, "பெட்டிய எறக்குங்கடா" என்றார். குழிக்குள் கிடந்தவனை மேலே தூக்கிவிட்டு, பெட்டியை எடுத்து வந்து இறக்கினோம். அவர்கள் வழக்கப்படி மூன்று பிடி மண் அள்ளிப் போட்டார்: படைத்ததற்கு ஒன்று, மண்ணுக்கே திரும்புவதற்கு ஒன்று, மறுபடி எழுப்பப்படுவதற்கு ஒன்று. மூன்று பிடியும் சிவப்பாக நனைந்திருந்தன. அதையே எங்கள் முறையில் சொல்லக் காத்திருந்த பாஸ்டர் கையிலிருந்த புத்தகத்தை மூடிக்கொண்டார்.

"இவன ஒரு மண்ணுல பண்ணி என்னிய வேற மண்ணுல பண்ணானா? எவனாச்சும் சொல்லுங்கடா" என்றார் பாய்.

கடப்பாரைகள் கீழே இறங்கின. நான் அப்போதுதான் அழுதேன்.

எல்லாம் அந்த ஒரு நாள்தான். அடுத்த மாதமே வேலி இருந்த இடத்தில் ஆளுயரத்துக்கு மேல் சுவர் எழும்பியது. இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்தே செங்கல் சுமந்தார்கள்; அந்த வேலையில் மட்டும் ஒரு சின்னச் சச்சரவுகூட வரவில்லை. பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

போன வருடம் பாஷா பாயும் போய்விட்டார். மண் போடப் போனேன். கபர்ஸ்தான் வாசலில் ஒருவர் மரியாதையாகத்தான் கை நீட்டி மறித்தார். "வெளியாளுங்க உள்ள வரக்கூடாதுன்னு பேசி வச்சிகினாங்கண்ணா." எங்கள் வாசலிலும் அதே சட்டம்தான், அவரை என்ன சொல்ல?

சுவருக்கு அந்தப் பக்கம், நைனா கல்லறைக்குக் கிட்டேதான் எங்கோ பாய் படுத்திருக்கிறாராம். எந்த இடம் என்று காட்டத்தான் ஆளில்லை.