தலைசுற்றலுக்கு நான் சொன்ன காரணங்கள்

முதன்முதலில் அது ஒரு சனிக்கிழமை விடியலில் வந்தது. தூக்கத்தில் இடப்பக்கமாகப் புரண்டேன். அறை மெல்ல நழுவத் தொடங்கியது. சன்னல் மேலே போனது. அலமாரி அதைத் துரத்திக்கொண்டு போனது. கட்டில் மட்டும் என்னை ஏற்றிக்கொண்டு எங்கேயோ மிதந்தது. ஜொகூர் பாருவில் பத்தொன்பதாம் மாடியில் குடியிருக்கிறேன். சன்னலைத் திறந்தால் நீரிணை. கடல்தான் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று நினைத்தேன். பயப்படக்கூடத் தோன்றவில்லை. முப்பது எண்ணும் நேரம் இருக்கும். பிறகு ஒவ்வொரு பொருளும் திரும்பி வந்து தன் இடத்தில் நின்றது.

அன்றிலிருந்து தினமும் வந்தது. காலணி மாட்டக் குனிந்தால் வந்தது. மேல்தட்டில் இருக்கும் அரிசி டின்னை எடுக்க அண்ணாந்தால் வந்தது. வேலையிடத்தில் தலைக்கவசத்தோடு தூண் கம்பிகளை நிமிர்ந்து பார்த்தபோது வானமே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சுவரில் கை வைத்துக்கொண்டு, ஏதோ யோசிப்பவளைப் போல நின்றேன்.

நான் கட்டடப் பொறியாளர். எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். இதைச் சொல்லும்போது என் கழுத்து கொஞ்சம் நிமிரும், அதை மறைக்கப்போவதில்லை. அந்த மாதம்தான் நிறுவனம் ஒரு முப்பத்திரண்டு மாடிக் கட்டடத்துக்கு என்னைக் களப் பொறியாளராகப் போட்டிருந்தது. அடுத்த மாதம் முதல் வாரத்தில் வேலை தொடங்கவேண்டும். இரண்டு ஆண்டு அதில் ஏறி இறங்கவேண்டும். குனிந்தாலே தரை ஓடுகிறவள் எப்படி ஏறுவாள்? யாரிடமும் சொல்லவில்லை. நிறுவனத்தின் வழக்கமான கிளினிக்கில் களைப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தூக்கத்தைக் கொடுத்தது, சுற்றலை எடுக்கவில்லை.

அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் இருக்கும் தோழிதான் உலு திராமில் ஒருவரைப் பற்றிச் சொன்னாள். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சிலோன்காரம்மா. டயர்க் கடையின் மாடியில் ஓர் அறை வைத்திருக்கிறார். உடம்பு ஏன் நோகிறது என்பதற்கு மனத்தில் காரணம் பார்த்துச் சொல்வார் என்றாள்.

அந்த அறையை இப்போதும் கண்ணை மூடினால் நுகர முடியும். செரை என்கிற எலுமிச்சைப்புல் தைலமும், கீழேயிருந்து ஏறிவரும் ரப்பர் வாசனையும். சுவரில் மனித உடம்பின் படம் ஒன்று. ஒவ்வோர் உறுப்புக்கும் நேராக அவர் கையெழுத்தில் சில சொற்கள். தோளுக்கு நேராக 'அடுத்தவர் சுமை'. முழங்காலுக்கு 'வளைய மறுப்பது'. தொண்டைக்கு 'விழுங்கிய சொல்'. வயிற்றுக்கு 'செரிக்காத சம்பவம்'. தலைக்கும் பாதத்துக்கும் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் தேடினேன். மற்றவற்றின் மீது கண் ஓடிப்போய்விட்டது.

என்னைப் படுக்கவைக்காமல், சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, உள்ளங்காலைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"எப்பம்மா சுத்துது?"

"படுத்தா. குனிஞ்சா. மேல பாத்தா."

"மேல பாத்தா." அதை மட்டும் திரும்பச் சொல்லிக்கொண்டார். "எத்தனாவது மாடில இருக்கே?"

"பத்தொன்பது, ஆன்ட்டி."

"வேலை?"

"முப்பத்திரண்டு மாடி கட்டப் போறோம்."

"அம்மா அப்பா?"

"செடெனாக்ல. தரை வீடு. அப்பா லோரி ஓட்டுறாரு. அம்மா முன்ன தோட்டத்துல இருந்தாங்க, இப்ப ஸ்கூல் கேன்டின்ல சமைக்கறாங்க."

கண்களை மூடினார். கீழே டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரம் நீளமாக மூச்சுவிட்டு அடங்கியது.

"நீ ரொம்ப வேகமா ஏறிட்டே கண்ணு. உன் கால் இன்னும் அம்மா வீட்டுலதான் நிக்குது. தலை மட்டும் மேல வந்திருச்சு. நடுவுல இருக்கறதுதான் கெடந்து சுத்துது."

அழுதேன். என்னைப் பற்றி யாரும் அவ்வளவு அழகாகச் சொன்னதில்லை. அழுதுகொண்டே அம்மாவைப் பற்றிச் சொன்னேன். நான் படித்த காலம் முழுவதும் அம்மா படுத்துத் தூங்கியதே இல்லை. கூடத்துச் சுவரில் தலையணை இரண்டை அடுக்கிச் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்குவார். என் புத்தகத்துக்கு அவர் காவல். பல்கலைக்கழக உபகாரச் சம்பள நேர்காணலில் இதைத்தான் சொன்னேன். "என் அம்மா படுக்கவில்லை, நான் எழுந்து நிற்கவேண்டும் என்பதற்காக." எதிரே இருந்த மூவரில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது.

"பாத்தியா," என்றார் ஆன்ட்டி. புறப்படும்போது, "நான் சொல்றது ஒரு பக்கம்தான்மா. டாக்டர நிறுத்திடாதே, நல்லா காட்டு," என்றும் சொன்னார். அது அன்று என் காதில் ஏறவில்லை.

வாடகைக் காரின் பின்னிருக்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் செம்பனை வரிசைகள் ஒன்றையொன்று மெல்லக் கடந்தன. இப்போது சுற்றலுக்கு ஓர் அர்த்தம் இருந்தது. அது நோயே இல்லை. ஏறியவளுக்கு மட்டும் வரும் ஒன்று. அடுத்த சில நாட்கள் அந்த அர்த்தத்துக்குள்ளேயே வாழ்ந்தேன். காலையில் அறை நழுவும்போது கண்ணை மூடிக்கொண்டு, செடெனாக்கில் நிற்கும் என் கால்களை நினைத்துக்கொள்வேன். கனவில் மாடிப்படி ஒன்று வந்தது. மேல்படிகள் சிமெண்டு, கீழ்ப்படிகள் மண். நான் நடுவில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன்.

நான்காம் நாள் கடிதம் எழுதினேன். முப்பத்திரண்டு மாடி வேலையை வேறொருவருக்குக் கொடுங்கள். கூலாயில் நடக்கும் வடிகால் வேலைக்கு என்னை மாற்றுங்கள். தரையிலேயே இருக்கும் வேலை. அச்சடித்து, மடித்து, பையில் வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை கொடுப்பதாக முடிவு. கொடுத்துவிட்டால் அந்தக் கட்டடம் திரும்ப என் கைக்கு வராது. வரிசையில் நிற்கிறவர்கள் நிறையப் பேர்.

ஞாயிற்றுக்கிழமை செடெனாக்குக்குப் போனேன். அம்மா பின்கட்டில் முக்காலியில் உட்கார்ந்து, மறுநாள் கேன்டினில் நாசி லெமாக் சம்பலுக்காக நெத்திலித் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அப்பா லோரியில் பொந்தியான் பக்கம் போயிருந்தார்.

"ஏன் பாப்பா மொகம் இப்படி இருக்கு? சோறு திங்கறியா இல்லியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சம் கனிந்திருந்தது. அம்மா கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். கால் கீழே நிற்பதைச் சொன்னேன். தலை மேலே போனதைச் சொன்னேன். கடிதத்தையும் எடுத்துக் காட்டினேன். அம்மா கிள்ளுவதை நிறுத்தவில்லை.

"மேல ஏறுனதாலதான் சுத்துதாமா?"

"ஆமாம்மா."

"அலமாக்." ஒரு தலையைக் கிள்ளிப் போட்டார். "அப்ப நான் எங்கடி ஏறுனேன்?"

"உனக்கென்னா?"

"எனக்கும்தான் சுத்தும். நீ பொறக்கறதுக்கு முந்தியே. செம்பனைத் தோட்டத்துல உதிரிப் பழம் பொறுக்கறப்ப, குனிஞ்சா தரை அப்படியே எந்திரிச்சு வரும். எடது பக்கம் படுத்தா கூரை ஓடும்."

"இடது பக்கமா?"

"எடதுதான்."

எனக்கும் இடது.

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லாம என்னா? வேல வாங்கற மண்டோருகிட்ட சொன்னேன். வேலைக்குச் சோம்பேறித்தனம், நடிக்கறேன்னான். ஒங்க அத்தைகிட்ட சொன்னேன். சாமி வந்திருக்குன்னுச்சு. கோயிலுக்கு இழுத்துட்டுப் போயி வேப்பெலையால அடிச்சாங்க. நானும் பாத்தேன், விடற மாதிரி தெரியல. ரெண்டு ஆட்டம் ஆடிக் காட்டுனேன், விட்டுட்டாங்க." அம்மாவுக்கே சிரிப்பு வந்தது. தோள் குலுங்கச் சிரித்தார்.

"அப்பறம்?"

"அப்பறம் என்னா லா. படுத்தாதானே சுத்துது? படுக்கறத விட்டுட்டேன்."

கூடத்துச் சுவர். இரண்டு தலையணைகள். நான் மெதுவாகக் கேட்டேன்: "நான் படிக்கறப்ப நீ உக்காந்தே தூங்கினியே... அது எனக்காக இல்லையா?"

"ஒனக்காகவா? நீ போட்டு வெச்ச லைட்டு கண்ணுல குத்தும். எரிச்சலா வரும். எந்திரிச்சு எங்க போறது, இருக்கறதே ஒரு கூடம்."

கண்ணாடியைத் துடைத்தவரின் முகம் நினைவுக்கு வந்தது. அம்மாவிடம் அந்த நேர்காணலைப் பற்றி நான் சொன்னதே இல்லை. இப்போது சொன்னேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். கோபம் இல்லை, விளையாட்டும் முழுக்க இல்லை.

"அவன் சோம்பேறின்னான். அவங்க சாமின்னாங்க. நீ என்னடான்னா காவல்னு சொல்லிட்டு வந்திருக்கே. யாராச்சும் என்னையக் கேட்டீங்களா?"

உட்கார்ந்து நானும் நெத்திலித் தலைகளைக் கிள்ளினேன். கிள்ளக் கிள்ள, படித்த படிப்பு மெல்லத் திரும்பி வந்தது. இரண்டு வீடுகளில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி விரிசல் விட்டால், வீட்டுக்காரர்களின் கவலையை யாரும் விசாரிப்பதில்லை. அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்ப்போம். அம்மா எங்கும் ஏறவில்லை. நான் ஏறினேன். இருவருக்கும் இடப்பக்கம்தான் சுற்றுகிறது.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்தேன். முந்தின இரவே கட்டாயப்படுத்தி வீட்டுக்குக் கூட்டிவந்திருந்த அம்மாவையும், கேன்டினுக்கு விடுப்புச் சொல்லவைத்து, மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். மருத்துவர் எங்கள் இருவரையும் சோதித்துவிட்டு, உள்காதில் மணலைப் போன்ற நுண்ணிய துகள்கள் இடம் மாறிக் கிடக்கின்றன என்றார். தலையை ஒரு முறைப்படி சாய்த்துத் திருப்பினால் அவை பழைய இடத்துக்கே போய்விடும். பக்கத்து அறையில் இருந்த இளம் மலாய்ப் பெண் அதைச் செய்வார்.

முதலில் நான். தலையை இடப்பக்கம் திருப்பி, கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி சட்டென்று படுக்கவைத்தார். கூரை விளக்குகள் ஓர் ஆறாக ஓடின. ஓடி, தளர்ந்து, நின்றன. பிறகு தலை வலப்பக்கம். பிறகு உடம்பும் வலப்பக்கம். பிறகு எழுந்து உட்காரவைத்தார். அவ்வளவுதான்.

அம்மா கதவோரமே நின்றார். "நான் படுக்கமாட்டேன் பாப்பா." மண்டோரையும் சாமியையும் சொல்லிச் சிரித்தவர் கதவின் கைப்பிடியை விடவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகளாக அந்தப் பக்கம் தலை வைக்காதவர்.

"மக்சிக், நான் புடிச்சிருக்கேன், விழமாட்டீங்க," என்று அந்தப் பெண் மலாயில் சொன்னார். நான் கையைக் கொடுத்தேன். படுத்ததும் அம்மாவின் நகங்கள் என் மணிக்கட்டில் இறங்கின.

"புடிடி! புடிடி பாப்பா!"

அம்மாவின் கருவிழிகள் துடித்துத் துடித்து ஒரு பக்கமாக ஓடின. நான் இதுவரை அந்தக் கண்களை இவ்வளவு அருகில் பார்த்ததில்லை. அந்தப் பெண் தாழ்ந்த குரலில் எண்ணிக்கொண்டிருந்தார்: சத்து, டுவா, தீகா. எண்ண எண்ண அந்த ஓட்டம் அடங்கியது. நகங்கள் தளர்ந்தன.

அம்மா எழுந்து உட்கார்ந்தார். "இதுக்கா என்னைய வேப்பெலையால அடிச்சாங்க?" என்றார். பிறகு அதை மலாயிலும் சொன்னார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மறுபடி சுற்றினால் வாருங்கள், சிலருக்கு இரண்டு மூன்று முறை செய்யவேண்டியிருக்கும் என்றார்.

திரும்பும் வழியில் உலு திராம் ஆன்ட்டியைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். என் குரலில் கொஞ்சம் குற்றச்சாட்டு இருந்தது.

"காதா? நல்லதாப் போச்சுமா," என்றார் அவர். "நம்ம படத்துல காதுக்கு நேரா என்னா எழுதியிருக்கேன், பாத்தியா?"

"பாக்கல ஆன்ட்டி."

"'கேக்காம விட்டது'ன்னு இருக்கும்."

எரிச்சலாக வந்தது. எதற்கும் பொருந்துகிற மாதிரி எழுதிவைத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் பக்கத்து இருக்கையில், நான் கேட்காமல் விட்ட ஆள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். காதில் இருந்தது மணல்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும் அந்த இரண்டு சொற்களை அடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

மதியம் அம்மா என் கட்டிலில் படுத்தார். முதலில் தலையணையை உயர்த்தி வைத்தார். பிறகு ஒன்றை எடுத்தார். பிறகு இன்னொன்றையும் எடுத்துவிட்டு, இடப்பக்கமாகத் திரும்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நீரிணையின் வெளிச்சம் கூரையில் அலையாக நடுங்கியது. அம்மா அசையவில்லை. மெதுவாக மல்லாந்து, கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டார். நான் சமையலறையில் தேநீர் கலந்துகொண்டிருந்தேன்.

"பாப்பா!"

ஓடிவந்தேன். "என்னாம்மா, சுத்துதா?"

"சுத்தல. மேல பாரு, காத்தாடில எவ்ளோ தூசி! இதுக்குக் கீழயா படுத்திருக்கே? பெரிய எஞ்சினியராம்." மேசைப் பக்கம் கையை நீட்டினார். "அந்தக் காகிதம் வேணுமா, வேணாமா? அதால தொடை."

என் கடிதம். நேற்றிலிருந்து மேசையில் கிடந்தது.

"வேணாம்மா," என்றேன்.

மெல்லச் சுற்றிக்கொண்டிருந்த கூரைக் காற்றாடியை நிறுத்தினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். தலையை அண்ணாந்து, இடப்பக்கம் திருப்பி, காத்திருந்தேன். இறக்கைகள் மூன்றும் சுற்றி ஓய்ந்து நின்றன. கூரை தன் இடத்தில் இருந்தது. சன்னலும் அலமாரியும் அதனதன் இடத்தில் இருந்தன. கடிதத்தைக் கசக்கி ஓர் இறக்கையைத் துடைத்தேன்.

"அடிப்பக்கம் மட்டும் தொடைக்கறே," என்றார் அம்மா, படுத்தபடியே. "மேல்பக்கமும் தொடை."