பிரிண்டரை அதட்டும் யோகலட்சுமி

"ஏலே, என்னலே செய்யுது உனக்கு?"

பிரிண்டரின் மூடியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இப்படித்தான் ஆரம்பிப்பாள் யோகலட்சுமி. பதில் வராது என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு நிமிடம் காது கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. பிறகு வைஃபை பெட்டி இருக்கும் பக்கம் திரும்புவாள். குரல் அப்படியே குழைந்துவிடும். "நீங்க எப்படி இருக்கீக? உங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க, சும்மா விசாரிக்கத்தான் வந்தேன்."

ஏன் இந்த ஓரவஞ்சனை என்று கேட்டால் அவளிடம் விளக்கம் தயாராக இருக்கிறது. "அவுக கோவிச்சுக்கிட்டா வீடு பூரா முடங்கிப் போகும். இவன் கோவிச்சுக்கிட்டா என்ன, ஒரு தாளு வராது. அம்புட்டுத்தான்."

திருத்தங்கலிலிருந்து ஆனைக்குட்டம் வரை யார் வீட்டில் பிரிண்டர் மக்கர் செய்தாலும் யோகலட்சுமியின் பழைய ஸ்கூட்டி வாசலில் வந்து நிற்கும். வயது நாற்பத்து நாலு. தோளில் ஒரு ஜோல்னாப் பை. அதில் திருப்புளி, டார்ச், துடைக்கிற துணி, நாலைந்து பொட்டலம் சாத்தூர் சேவு. சேவு அவளுக்கில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் வீட்டுக்காரர் கையில் ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் திணித்துவிடுவாள். எவ்வளவு பாசமான பொம்பளை என்று உருகிப் போனவர்கள் உண்டு. விஷயம் வேறு. சேவு தின்ற எண்ணெய்க் கையோடு யாரும் மெஷினைத் தொட மாட்டார்கள். "சும்மா இருக்க கைதாங்க எதையாவது அமுக்கித் தொலைக்கும். நான் ஒண்ணச் சரி பண்ணுறதுக்குள்ள அவுக ரெண்டக் கெடுத்து வச்சுருவாக" என்பாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த மெஷினைத் தொடுவதற்கு முன்னும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் இரும்புக் கிரில்லில் உள்ளங்கையை அழுத்தி எடுப்பாள். பார்க்கிறவர்கள் ஏதோ சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் திரி செருகியவள் அவள். அங்கே அறைக்குள் நுழையும்போது வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். உடம்பில் ஒட்டியிருக்கும் மின்சாரம் தரையில் இறங்கிவிடும். அதற்குப் பிறகு ஒரு அச்சகத்தின் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போய், அங்கே மெஷின்களோடு பேசிப் பழகி, இந்தத் தொழிலுக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கை இன்னும் தகட்டைத் தேடுகிறது.

போன பங்குனியில் ஒருநாள் ஆனைக்குட்டம் சாலையில் இருக்கும் ஊர்க்காவலன் வீட்டிலிருந்து போன் வந்தது. பேசியது அவருடைய மருமகள் வேல்விழி. குரலில் பாதி அழுகை.

வேல்விழி பட்டாசுப் பெட்டிக்குப் படம் வரைகிறவள். இத்தனை நாளும் ஒரு அச்சகத்துக்காக வரைந்து கொடுத்தவளுக்கு முதல் முறையாகச் சொந்தப் பேரில் ஒரு ஆர்டர் கனிந்திருந்தது. சின்னக் கம்பெனி ஒன்றின் முதலாளி தங்கப்பாண்டியன் அன்றைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு மாதிரியைப் பார்க்க வருகிறார். பிடித்துப்போய்க் கையெழுத்துப் போட்டால் இந்த சீசனில் அந்தக் கம்பெனிச் சரக்கு முழுக்க அவள் வரைந்த படத்தோடுதான் ஊர் ஊராகப் போகும். அவரிடம் ஒரே ஒரு தொந்தரவு. டேப்லட்டில் காட்டினால் பார்க்க மாட்டார். "கண்ணாடிக்குள்ள எல்லாந்தான் மினுக்கும். தாளுல காட்டு தாயி" என்று சொல்லியிருந்தார்.

சிவகாசியில் தாளுக்கும் அச்சுக்குமா பஞ்சம்? தடுக்கி விழுந்தால் அச்சகம்தான். ஆனால் வேல்விழிக்கு அங்கே போகப் பயம். "வெளிய குடுத்து ஒரு காப்பி எடுத்தேன்னு வைங்க, பொழுது சாயுறதுக்குள்ள நாலு கம்பெனிப் பெட்டியில என் படம் ஒக்காந்துருக்கும்க்கா. என் வீட்டுக்காரருக்குக்கூட இன்னும் காட்டல."

யோகலட்சுமி போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். கிரில்லைத் தொட்டாள். வேல்விழியின் கையில் சேவைத் திணித்தாள். மாடியின் பின்னறையில் இருந்த பிரிண்டரை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"என்ன செய்யுறான் இவன்?"

"காலையில ஒளுங்கா இருக்கான்க்கா. மத்தியானமானா ஆளு காணாமப் போயிருதான். எனக்குப் படம் முடியவே மத்தியானமாயிரும். நாலு மணிக்கு மேல அவனாவே வாரான். டேப்லட்டுல நெட்டு இருக்கு, அவனத்தான் காட்ட மாட்டேங்குது."

"சாப்பாட்டுக்குப் போயிட்டு வாரானோ?" என்று சொல்லிவிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தாள். "கேபிள் ஒண்ணச் செருகுனா சோலி முடிஞ்சது." பிரிண்டரைத் திருப்பினாள். கேபிள் செருகும் வாயில் சாம்பல் நிற எம்-சீல் கல்லாக இறுகியிருந்தது.

"மாமாதான் அடச்சாரு" என்றாள் வேல்விழி, சேவை மென்றபடி. "கரண்டு போற சாமான்ல வாயத் தொறந்து வைக்கக் கூடாதாம்."

மாமா என்றால் ஊர்க்காவலன். முப்பத்திரண்டு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று காலை முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். வேல்விழியின் கணவன் வீடு முழுக்க வைஃபை எடுக்கட்டும் என்று மூன்று வெள்ளைப் பெட்டிகளை வாங்கிக் கொடுத்துவிட்டு, லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் போய்விட்டான். மெஷ் என்கிறார்களே, அது. ஒரு பெட்டி இணையத்தை வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கும், அது அதற்கடுத்ததற்குக் கொடுக்கும். மூன்றையும் எங்கே வைப்பது என்ற பொறுப்பைத் தகப்பனாரிடம் விட்டுவிட்டுப் போனதுதான் மகன் செய்த காரியம்.

நீரோட்டம் பார்க்கிறவர் தேங்காயை ஏந்தி நடப்பதுபோல உள்ளங்கையில் போனை ஏந்திக்கொண்டு வீடெல்லாம் நடந்தாள் யோகலட்சுமி. முதல் பெட்டி வாசல் அறையில் இருந்தது. இரண்டாவது மொட்டை மாடிப் படியின் உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். மூன்றாவது கொல்லைக் கடைசியில், மோட்டார் ரூமில். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பு பெயின்ட் அடித்த வாளி. வாளி நிறைய மணல்.

"இது என்னாத்துக்கு?"

"தீப்பிடிச்சா அணைக்க. ஒரு பொட்டிக்கும் இன்னொரு பொட்டிக்கும் டேப்பு வச்சு அளந்து வச்சாரு. ஒண்ணுல பத்துனா இன்னொண்ணுக்குப் பரவக் கூடாதுன்னு."

யோகலட்சுமி மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள். பட்டாசுக் கம்பெனி அறைகளை அப்படித்தான் எட்ட எட்டக் கட்டுவார்கள். எத்தனையோ வீட்டில் எத்தனையோ கூத்தை அவள் பார்த்திருக்கிறாள், வெடிமருந்து அறை மாதிரி வைஃபைக்கு இடைவெளி விட்ட ஆளை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

உச்சிப் பெட்டியைக் கீழே இறக்கி, மொட்டை மாடிக்கு ஏறும் படி பாதியில் திரும்பும் இடத்தில் வைத்தாள். "வாங்க, இங்கன நெழலா இருக்கு, சொகமா இருங்க" என்று உபசரித்தாள். நீல விளக்கு எரிந்தது. பின்னறைக்குப் போய் ஒரு சோதனைத் தாள் எடுத்துப் பார்த்தாள். நாலு கலர் கோடும் பளிச்சென்று வந்தது.

"முடிஞ்சது. தூரந்தான் கோளாறு. இனி மத்தியானமாவது, சாயங்காலமாவது!" என்று பையை மாட்டினாள். தாள் வரும் வரை இருங்க என்று அவளை நிறுத்திய வேல்விழி, படத்தில் ஒரு மஞ்சளை மட்டும் தூக்கலாக்க வேண்டும் என்றாள். அதோ இதோ என்று அது ஒரு மணி நேரத்தை விழுங்கிவிட்டது. பன்னிரண்டே காலுக்கு அச்சடிக்கும் பொத்தானைத் தொட்டாள். பிரிண்டரைக் காணவில்லை என்றது டேப்லட்.

யோகலட்சுமியின் முகம் சுண்டிப் போனது. முடிஞ்சது என்று சொல்லிப் பை மாட்டிய பிறகு ஒரு மெஷின் காலை வாரியது அவளுக்கு அதுதான் முதல் தடவை. "ஏலே, என் மானத்த வாங்குறியேலே" என்று பின்னறைக்கு ஓடினாள். அணைத்துப் போட்டாள். டேப்லட்டில் அதன் பேரைத் தேடினாள். ஒன்றும் நடக்கவில்லை. வேல்விழி சேவுப் பொட்டலத்தைக் கசக்கிக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தாள். பன்னிரண்டரை. பன்னிரண்டே முக்கால். வாசலில் புல்லட் வண்டி வந்து நிற்கும் சத்தம். தங்கப்பாண்டியன் கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

வேல்விழி மோர் கொடுக்கக் கீழே ஓடினாள். யோகலட்சுமி போனை ஏந்திக்கொண்டு படிக்கு வந்தாள். அங்கே, மொட்டை மாடிப் படி திரும்பும் இடத்தில், புது முடிவெட்டோடு ஊர்க்காவலன் உட்கார்ந்திருந்தார். வெள்ளைப் பெட்டி அவர் மடியில் இருந்தது. பிளக் அவர் கையில் இருந்தது.

"அண்ணாச்சி, என்ன செஞ்சீக?"

"இத இம்புட்டுப் பக்கத்துல எறக்குனது யாரு?" என்றார் அவர். கோபமில்லை, பதற்றம். "தொட்டுப் பாரு தாயி, என்னா சூடு! மருந்து வேலையெல்லாம் காலையோட சரி. உச்சி வெயில்ல ஒருத்தனையும் ரூமுக்குள்ள விட மாட்டேன். அதான் தெனமும் பன்னெண்டுக்கு இத நிப்பாட்டிருவேன். நாலு மணிக்குத்தான் போடுவேன்."

தினமும் மத்தியானம் பிரிண்டர் எங்கே போகிறது என்று அப்போதுதான் யோகலட்சுமிக்கு விளங்கியது. பின்னறைக்கு இணையம் கொடுப்பது இந்தப் பெட்டி ஒன்றுதான். சிரிப்பு தொண்டை வரை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டாள். இவர் போர்மேனாக இருந்த முப்பத்திரண்டு வருஷத்தில் இவர் அறைகளில் ஒருத்தருக்கும் ஒரு கொப்புளம் வந்ததில்லை என்று ஊருக்கே தெரியும். அவளும் ஆறு வருஷம் கம்பெனியிலிருந்து முழு உடம்போடு வீடு திரும்பியிருக்கிறாள் என்றால், இப்படி ஒரு மனுஷர் அங்கேயும் பயந்துகொண்டே இருந்ததால்தான். அந்தப் பயத்தின் மேல் அவளுக்கு இன்றும் பெரிய மரியாதை உண்டு.

"அண்ணாச்சி, ஒரு கையப் பொட்டி மேல வைங்க" என்றாள். வைத்தார். "இன்னொரு கைய உங்க நெத்தியில வைங்க." வைத்தார். "எது சூடு?"

வெயிலில் நடந்து வந்த மனுஷர். கையை மாற்றி வைத்தும் பார்த்தார். "நெத்திதான்."

"அப்ப மொதல்ல உங்களையில்ல நிப்பாட்டணும்!"

ஊர்க்காவலன் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் மடமடவென்று சொன்னாள். "உங்க சோலியில ஒண்ணுல பிடிச்சது இன்னொண்ணுக்குப் பரவக் கூடாது. இது சரவெடி அண்ணாச்சி. ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குப் பரவுனாத்தான் கடைசி வெடி வெடிக்கும். கடைசி வெடி உங்க மருமகளோட தாளு. அந்தா, பார்ட்டி கீள மோரு குடிச்சுக்கிட்டு இருக்காரு."

"பரவணும்னு என் சர்வீஸ்ல ஒருத்தரும் என்கிட்டச் சொன்னதில்ல தாயி" என்றார் அவர். ஆனால் எழுந்தார். கொல்லையிலிருந்து ஒரு டைல்ஸ் துண்டை எடுத்து வந்து தரையில் போட்டு, அதன் மேல் பெட்டியை வைத்து, பிளக்கைத் தானே செருகினார். செருகிவிட்டுப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். "வேலை முடியிற மட்டும் நான் இங்கனதான் இருப்பேன்."

"இருங்க. போர்மேன் இல்லாம எந்த ரூமு ஓடும்?"

விளக்கு சிவப்பில் துடித்தது. மஞ்சளானது. நீலமானதும் யோகலட்சுமி பின்னறைக்கு ஓடினாள். வேல்விழி கீழிருந்து இரண்டிரண்டு படியாகத் தாவி வந்து டேப்லட்டைத் தட்டினாள். பிரிண்டர் ஒரு முறை கனைத்தது. தாளை உள்ளே இழுத்தது.

அடுத்த நொடி யோகலட்சுமி செய்ததை வேல்விழி எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்காரருக்கே காட்டாத படமாயிற்றே என்று இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டாள். தாள் வெளியே வந்து விழுந்த சத்தத்தை வைத்து, ஓரத்தை மட்டும் தடவிப் பிடித்து, கவிழ்த்து நீட்டினாள். வேல்விழி வாங்கிக்கொண்டு பறந்தாள். "ரெண்டு காப்பி போட்டுருக்கேன்க்கா!" என்று படியிலிருந்து குரல் மட்டும் வந்தது. இரண்டாவது தாளும் விழுந்தது. அதையும் கண் மூடியபடியே தடவி எடுத்து, மார்போடு கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

படியில் போர்மேன் பெட்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு கீழே தங்கப்பாண்டியனின் பெரிய சிரிப்பு வீட்டையே ஒரு குலுக்குக் குலுக்கியது.

"கோளிக் காலுல ஷூவ மாட்டி விட்டுருக்கியே தாயி! பேனாவக் குடு மொதல்ல."

"அக்கா!" என்று கத்தினாள் வேல்விழி. "இப்பப் பாக்கலாம்க்கா, பாருங்க!"

"கையெழுத்துப் போட்டாச்சா?" என்று மேலிருந்து கேட்டாள் யோகலட்சுமி.

"போட்டுக்கிட்டு இருக்காருக்கா!"

யோகலட்சுமி தாளைத் திருப்பினாள். ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.