எந்த ஆபீஸ்மா?

போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். அப்பா, அம்மா இரண்டு பேரிடமும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

இன்று சாயங்காலம் அப்பாவின் கிரெடிட் கார்டு கம்பெனியிலிருந்து அம்மாவின் போனுக்கு அழைப்பு வந்தது. அம்மா கபாலி கோயிலுக்குப் போயிருந்ததால் நான் எடுத்தேன்.

"சார் போன எடுக்கலம்மா. பழைய கஸ்டமருங்க வருமானத்த மறுபடி செக் பண்றோம். வீட்ல இருக்காரா?"

"அப்பா ஆபீஸ் போயிருக்காரு மேடம்."

அவர் கீபோர்டில் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"எந்த ஆபீஸ்மா?"

ராயப்பேட்டை என்றேன்.

"அங்கேருந்து சம்பளம் வர்றது நின்னு ரொம்ப நாளாச்சே..." என்றவர் சட்டென்று நிறுத்தி, "நீ என்ன படிக்கிற பாப்பா?" என்று கேட்டார். குரல் அவ்வளவு அன்பாக மாறியதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இருட்டியதும் அப்பா வழக்கம்போலக் கழுத்தில் ஐடி கார்டோடு வந்தார். "இன்னைக்கு ஒரே மீட்டிங்டா கண்ணு" என்றார்.

அவருடைய ஷூவை எடுத்து வைக்கப் போனேன். உள்ளே கடற்கரை மணல். ராயப்பேட்டையில் ஏது கடல்?

அம்மா பார்ப்பதற்குள் பால்கனிக்கு ஓடி, துளசித் தொட்டியில் கொட்டினேன்.

தொட்டியில் ஏற்கெனவே அதே மணல் மேடாகக் கிடந்தது. அம்மாவைத் தவிர எங்கள் வீட்டில் யாரும் அந்தத் தொட்டியைத் தொடுவதில்லை.

உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. "ஏங்க, நாளைக்கு ஆபீஸுக்கு லெமன் சாதம் கட்டட்டுமா?"

"கட்டு, கட்டு" என்றார் அப்பா.

இனி இந்த ரகசியத்தை நான் யாரிடமிருந்து மறைக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.